மகள் வந்தாள், தாய் நின்றாள்

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய விழாத் தலைவர், இம்மருத்துவமனையின் தலைமை நிர்வாகி அவர்களே. அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் எங்கள் பிரிவின் பெரிய டாக்டர் அவர்களே. இடப்புறம் அமர்ந்து என்னையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைமைச் செவிலி அவர்களே. முழங்கால் வலியை மூட்டைகட்டி வைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியோர்களே. மடியில் உறங்கும் பிள்ளை விழிக்காதபடி கைதட்டும் கலையைக் கற்று வைத்திருக்கும் தாய்மார்களே. மின்தூக்கி இயக்குவோர், துணி வெளுப்போர், வண்டி தள்ளுவோர், வாசல் காப்போர் என வரிசை தவறாமல் வந்திருக்கும் என் உடன்பணியாளர்களே. மூன்றாம் வரிசையில் நடுவே, எதற்கும் சிரிப்பதில்லை என்ற விரதத்தோடு அமர்ந்திருக்கும் என் நாத்தனார் அவர்களே. உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கத்தைப் படைக்கிறேன்.

தாமதமாக வந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். ஐந்து மணிக்கு மேடையேறியிருக்க வேண்டியவள், ஐந்து இருபத்திரண்டுக்கு ஏறியிருக்கிறேன். காரணத்தைச் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்பது மரியாதையாகாது. எங்கள் பணியறையின் வாசலில் ஒரு கருவி நிற்கிறது. வெளியேறுபவர் எவராயினும் அதனிடம் கையைக் காட்டவேண்டும், காலைக் காட்டவேண்டும். கதிர்வீசும் மருந்தின் ஒரு துளி எங்கேனும் ஒட்டியிருந்தால் அது கத்தும். இன்று நான் காட்டினேன். கத்தியது. வலது கைக்குக் கத்தவில்லை, இடது கைக்குக் கத்தவில்லை, வலது காலுக்கும் கத்தவில்லை. இடது செருப்புக்குக் கத்தியது. அவிழ்த்தேன், அளந்தேன், ஈயப் பெட்டியில் அடைத்தேன், காலைக் கழுவினேன், மறுபடி அளந்தேன். செருப்புக்கு மூன்றாம் நாள் விடுதலை.

முன்வரிசைப் பெரியம்மா என் காலையே கவனித்துக்கொண்டிருக்கிறார். ஆமாம் அம்மா, தாங்கள் கண்டது சரி. வலது கால் பழுப்பு, இடது கால் நீலம். நீலம் தலைமைச் செவிலி அவர்களின் மாற்றுச் செருப்பு. அவருடைய செருப்பில் நின்று பேசுகிற காரணத்தால், என் பேச்சில் கண்டிப்பு ஏதும் தென்பட்டால் அது அவரையே சாரும்.

அவையோரே, எனக்கு இன்று ஒரு கேடயம் வழங்கப்படவிருக்கிறது. இருபத்தோரு ஆண்டுகளாக ஒரே அறையில் வேலை செய்தமைக்காக. அது என்ன வேலை என்று வழங்குவோர் அறிவர், வாங்குபவள் அறிவேன், கைதட்டவிருக்கும் நீங்கள் அறிய வேண்டாமா? அறியாமல் தட்டினால் அது கைத்தட்டலா, கொசு அடிப்பதா?

நான் இந்த மருத்துவமனைக்கு வந்தது கண்ணாடிச் சீசா கழுவுவதற்காக. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவைத்தது. நான் பள்ளிக்கூடத்தை அனுப்பிவைக்கவில்லை. கழுவிய சீசாவின் சீட்டைப் படித்தேன். பெட்டியோடு வந்த தாளைப் படித்தேன். புரியாத சொல்லை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு எதிர்ப்பட்டவரை எல்லாம் கேட்டேன். எதிர்ப்பட்டவர்கள் நாளடைவில் வேறு படிக்கட்டில் ஏறத் தொடங்கினார்கள். கவலைப்படவில்லை, புத்தகத்துக்குக் கால் இல்லை, அது ஓடாது. ஒன்பது ஆண்டுகளில் கழுவுகிற தொட்டியிலிருந்து சோதிக்கிற மேசைக்கு வந்து சேர்ந்தேன். இடையில் இருந்த தூரம் பதினான்கு அடி.

அந்த அறைக்கு ஹாட் லேப் என்று பெயர். உள்ளே குளிரில் பல் தந்தியடிக்கும். முதல் நாள் எனக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. "பசு வந்தாச்சா?" என்று ஒருவர் கேட்டார். "வந்தாச்சு, காலைல ஒரு தடவை கறந்தாச்சு" என்று மற்றொருவர் சொன்னார். இரண்டாம் தளத்தில் எந்த மூலையில் மாடு கட்டியிருக்கிறார்கள் என்று நான் சாணி வாசனை தேடி நடந்தேன். சிரியுங்கள், சிரியுங்கள். அன்று என்னைப் பார்த்து அவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள்.

பசு என்பது ஒரு பெட்டி. ஒரு தவலை அளவு இருக்கும். நாலு தவலைக் கனம் இருக்கும். உள்ளே ஈயக் கவசம். கவசத்துக்குள் விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய் நிறைய அலுமினா என்னும் வெள்ளைத் தூள். அந்தத் தூளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாலிப்டினம் என்றொரு தனிமம் அமர்ந்திருக்கிறது. அது கணந்தோறும் சிதைகிறது. சிதையச் சிதைய டெக்னீசியம் என்னும் வேறொரு தனிமம் பிறக்கிறது. பெற்றதைத் தாய் என்கிறோம், பிறந்ததை மகள் என்கிறோம். நான் வைத்த பெயரில்லை. எங்கள் துறையில் உலகமெங்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். உறவுமுறை இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது போலிருக்கிறது.

இப்போது பிரிக்கவேண்டும். தாயை நிறுத்தி, மகளை மட்டும் அழைத்துவர வேண்டும். எப்படி? கத்தியாலா? நெருப்பாலா? சட்டத்தாலா? உப்பு நீரால், அவையோரே, வெறும் உப்பு நீரால். குழாயின் ஒரு முனையில் உப்பு நீர். மறுமுனையில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு சின்னச் சீசா. சீசாவை ஊசியில் குத்தினால் அது தாகத்தோடு இழுக்கும். உப்பு நீர் தூளுக்குள் புகுந்து வரும். தாய் தூளை விடமாட்டாள். மகளுக்கு அந்தத் தூளோடு ஒட்டில்லை, உறவில்லை. வந்த நீரோடு கிளம்பிவிடுவாள். இதற்குப் பெயர்தான் கறப்பது. கறந்ததைப் பால் என்கிறோம். நிறமில்லாத பால். அந்தப் பாலை எலும்பைத் தேடும் மருந்தோடு கலந்தால் எலும்புக்குப் போகும். சிறுநீரகத்தைத் தேடும் மருந்தோடு கலந்தால் சிறுநீரகத்துக்குப் போகும். போன இடத்தில் நின்றுகொண்டு, "நான் இங்கே இருக்கிறேன்" என்று கதிர்வீசும். வெளியே இருக்கும் கேமரா அதைப் படமாக்கும்.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்றார்கள் முன்னோர். மகள் விருந்தாகவும் வருகிறாள், மருந்தாகவும் வருகிறாள். ஆறு மணி நேரத்தில் பாதி ஆகிவிடுவாள், அடுத்த ஆறில் பாதியில் பாதி. மூன்று நாளில் வந்த சுவடே இருக்காது. இப்படி ஒரு விருந்தாளி நம் வீட்டுக்கு வந்ததுண்டா?

தாய் அப்படியல்ல. அவள் குரல் உரத்தது. நாளாகும் அவள் அடங்க. ஈரலில் போய் உட்கார்ந்துகொள்வாள், படத்தையும் கெடுப்பாள், உடலுக்கு வேண்டாத கதிரையும் ஊட்டுவாள். அதனால்தான் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கு மேல் தாய் கூட வரக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வந்திருக்கிறாளா என்று எப்படித் தெரியும்? பாலும் நீர்போல, தாயும் நீர்போல. இங்கேதான் என் வேலை தொடங்குகிறது.

ஒரு கனத்த ஈயக் குடுவை. பால் சீசாவை அதற்குள் வைத்து மூடி, அளவுக் கருவியில் இறக்கவேண்டும். மகளின் கதிர் மெலிது. ஈயச் சுவரைத் தாண்டாது. தாயின் கதிர் வலிது, தாண்டிவரும். ஆகவே சுவருக்கு வெளியே கேட்பதெல்லாம் தாயின் குரல். இதைத் தாய்ச் சோதனை என்போம். நாலு நிமிடம் ஆகும். அதற்கு ஒரு மரபு வைத்திருக்கிறோம்: கறந்தவர் சோதிக்கக் கூடாது, சோதித்தவர் கறந்திருக்கக் கூடாது. எண் வரம்புக்குள் இருந்தால், சோதித்தவர் சுவரிலுள்ள சின்ன ஜன்னலைத் திறந்து வெளியே காத்திருக்கும் செவிலிக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லவேண்டும்: "மகள் வந்தாள், தாய் நின்றாள்." அதன்பின் கையெழுத்து. அதன்பின்தான் ஊசி. யார் தொடங்கிவைத்த வாசகம் என்று எனக்குத் தெரியாது. நான் வந்தபோதே அது இருந்தது.

தலைவர் அவர்கள் மணியில் கை வைத்திருக்கிறார். பத்து நிமிடம் என்று சொன்னீர்கள் ஐயா, நினைவிருக்கிறது. இன்னும் கதைக்கே வரவில்லையே. எடுத்துவிட்டார். நன்றி ஐயா.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை. தலைவர் அவர்கள் அப்போது இங்கே பொறுப்பேற்கவில்லை. திங்கட்கிழமை புதுப் பெட்டி வந்தது. திங்கள் கறந்தோம், மகள் வந்தாள், தாய் நின்றாள். செவ்வாய் கறந்தோம், மகள் வந்தாள், தாய் நின்றாள். புதன்கிழமை காலை, ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் பதினொரு பேர். எட்டாவதாக அமர்ந்திருந்தவர் என் நாத்தனார்.

அவருக்கு இடுப்பெலும்பில் ஒரு கட்டி. அது அங்கே மட்டும் இருந்தால் வெட்டி எடுக்கலாம். வேறெங்கும் பரவியிருந்தால் வெட்டிப் பயனில்லை, வேறு வைத்தியம். எது என்று எலும்புப் படம்தான் சொல்லவேண்டும். அறுவை மருத்துவர் வியாழன் காலைக்கு நேரம் கொடுத்திருந்தார். அன்றிரவே மூன்று வாரப் பயணம் கிளம்புகிறார். ஆக, புதன்கிழமைக்குள் படம். தவறினால் மூன்று வாரம், அந்த வலியோடு, அந்தக் கட்டியோடு.

எனக்கும் என் நாத்தனாருக்கும் நடுவே ஆறாண்டுகளாகப் பேச்சு இல்லை. காரணத்தை அவையில் சொல்லலாமா அண்ணி? தலையை அசைக்கிறார். அசைத்தது ஆமென்றா இல்லையென்றா தெரியவில்லை, ஆமென்றே கொள்கிறேன். ஒரு நாள் உறவினர் நிறைந்த கூடத்தில் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சீசா கழுவறவளுக்கு இது எதுக்கு? சீசாவுக்குப் படிச்சுக் காட்டப் போறியா?" கூடமே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அவருக்கு அதன் பலன் தனியாகக் கிடைத்தது, அது வேறு மேடைக்குரிய விஷயம்.

புதன்கிழமைக்கு வருவோம். என்னோடு பணிபுரியும் தோழிக்கு நிதானம் என்று பட்டப்பெயர். பதினைந்து ஆண்டில் ஒரு துளி சிந்தியதில்லை. கறப்பது அவர் வேலை. அன்று அவர் பல் பிடுங்கப் போயிருந்தார். அதையும் நிதானமாக, நாள் முழுக்க. ஆகவே நானே கறந்தேன், நானே சோதித்தேன். மரபை மீறினேன். எண்ணைப் பார்த்தேன்.

பத்தாயிரத்தில் ஒன்பது.

மறுபடி வைத்தேன். ஒன்பது. வெற்றுக் குடுவையை வைத்தேன், சுழியம். சீசாவை வைத்தேன், ஒன்பது. ஜன்னலைத் திறந்தேன். செவிலி என் வாயைப் பார்க்கிறார். பெஞ்சில் பதினொரு பேர் என் வாயைப் பார்க்கிறார்கள். பத்தாண்டுகளாகக் காலைதோறும் சொன்ன வாசகத்துக்கு அன்று வழியில்லை. ஜன்னலைச் சாத்தினேன்.

பெரிய டாக்டர் வந்தார். ஐயா, தாங்கள் சொன்னதைச் சொன்னபடியே சொல்லப் போகிறேன்; பொறுத்தருள்க.

"என்னம்மா, பால் எங்க? பதினொரு பேர் உக்காந்திருக்காங்க."

"கறந்தாச்சு டாக்டர். தாயும் கூட வந்துட்டா."

"நேத்து சரியா இருந்துச்சே?"

"நேத்து சரியா இருந்தது நேத்துப் பால் டாக்டர்."

"நீங்களே கறந்து நீங்களே பாத்தா இப்படித்தான். எங்கயோ தப்பு பண்ணியிருப்பீங்க. கையெழுத்தப் போட்டுக் குடுங்க, நேரமாகுது."

"தப்பு பண்ணியிருக்கலாம் டாக்டர். அதனாலதான் நீங்க ஒரு தடவை பாருங்கன்னு கேக்கறேன். கறந்தவ சோதிக்கக் கூடாது."

"நான் இத தொட்டே பதினைஞ்சு வருஷமாச்சும்மா."

"நாலு நிமிஷம்தான் டாக்டர். நான் பக்கத்துல நின்னு ஒண்ணும் சொல்லமாட்டேன்."

ஒன்றும் சொல்லாமல் நின்றேனா ஐயா? டாக்டர் சிரிக்கிறார். மூன்று முறை சொன்னேன். முதல் முறை, குடுவையை ஒரு கையால் தூக்கப் போனார். இரண்டு கை வேண்டும் என்றேன். "இவ்வளவு கனமா? இத தினமும் தூக்கறீங்களா?" என்றார். எவ்வளவு கனம் என்று அவைக்கு ஒருமுறை காட்டுங்கள் ஐயா. பாருங்கள், இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறார். பிடித்த மீனுக்குக் காட்டுகிற அளவு. பரவாயில்லை, கனம் அவருக்கு நினைவிருக்கிறது, அதுவே போதும். அவர் வைத்தார். அவர் எண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் "ஒன்பது" என்றார், நான் அறியாதவள் போல.

எப்படி நேர்ந்தது? அதுவும் அன்றே தெரிந்தது. எங்கள் மின்பணியாளருக்கு மின்னல் என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. செவ்வாய் மாலை மேசைக்குப் பின்னால் கம்பி இழுக்க வந்திருக்கிறார். பெட்டி இடைஞ்சலாக இருந்திருக்கிறது. உதவிக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அதைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்.

"ஒரு அரை மணி நேரம்தான் மேடம் சாச்சேன். திரும்ப நேரா வெச்சுட்டனே. என்ன, உள்ள தண்ணியா இருக்கு, கொட்டறதுக்கு?"

"தண்ணி இருந்தா கொட்டினது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும் தம்பி. தூள் இருக்கு. தூள் சரிஞ்சா வழி விட்டுடும்."

"பெட்டில சாய்க்காதேன்னு எழுதலியே மேடம்."

எழுதியிருந்தது, சுவர்ப் பக்கம். இப்போது நாலு பக்கமும் எழுதியிருக்கிறேன், ஐந்தாவதாக மின்னலின் கருவிப்பைக்குள்ளும் ஒரு சீட்டு. கடைசி வரிசையில் கையை உயர்த்திப் பார்த்துவிட்டேன் என்கிறார். நன்று.

அந்தப் பாலை ஈயப் பெட்டகத்தில் பூட்டினேன். மூலையில் போன வாரத்துப் பெட்டி கிடந்தது. கிழட்டுப் பசு. நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். புதுப் பெட்டியின் பலத்தில் ஆறில் ஒரு பங்குதான் அதில் மிச்சம். பதினொரு பேருக்கு வேண்டியது. இரண்டு பேருக்கு வரும். கறந்தேன். டாக்டர் சோதித்தார். தாய் நின்றாள். யார் அந்த இரண்டு பேர்? டாக்டர் நோய்ச்சீட்டுகளைப் புரட்டினார். சிறுநீர் அடைத்துக்கொண்ட ஓர் ஆறு வயதுப் பெண் குழந்தை. நெஞ்சுவலியோடு வந்த ஒரு லாரி ஓட்டுநர். நான் வாயைத் திறக்கவில்லை. எட்டாவதாக உட்கார்ந்திருப்பவர் என் கணவரின் அக்கா என்று சொன்னால் சலுகை, சொல்லாவிட்டால் பழி. இரண்டில் எது லேசு என்று யாராவது எனக்கு எடைபோட்டுச் சொல்லட்டும்.

வெளியே போய்ச் சொல்லவேண்டியவள் நான். போனேன். ஆறாண்டுக்குப் பின் அவர் என்னிடம் பேசிய முதல் சொற்கள், அவையோரே, இவை:

"பழிவாங்கிட்டியா?"

"இல்ல அண்ணி."

"பதினொரு பேருக்குச் சேத்து வாங்கியிருக்க. ஆளுக்கொரு பங்கா?"

"அண்ணி, சாயந்திரம் மறுபடி கறக்கலாம். மகள் உள்ள பொறந்துக்கிட்டேதான் இருக்கா. ஆறு மணி நேரம் விட்டா, காலைல வந்ததுல பாதி வரும். ஒருத்தருக்குப் போதும். அது உங்களுக்குன்னு டாக்டரே எழுதிட்டாரு."

"ஆறு மணி நேரம் நான் என்ன பண்றது?"

"உக்காருங்க. நானும் உக்காரறேன்."

மற்ற எட்டு பேரையும், மாற்றுப் பெட்டி வந்துசேரும் வெள்ளிக்கிழமைக்கு வரச்சொல்லி அனுப்பினோம். பெஞ்சில் நாங்கள் இருவர். முதல் ஒரு மணி நேரம் எதிர்ச் சுவரிலுள்ள தீயணைப்புக் கருவியை இருவரும் படித்தோம். இரண்டாம் மணியில் அவர் கேட்டார்: "தாய் வந்தா என்ன? பெத்தவதானே, கூட வரக்கூடாதா?" சொன்னேன். ஈரலில் உட்காருவாள், எழுந்திருக்க மாட்டாள் என்றேன். "நானும் எம் பொண்ணு வீட்டுக்குப் போனா பத்து நாள் இருக்கறேன். அதுக்கு எம் மாப்பிள்ளை ஈயச் சுவரா கட்டறாரு?" என்றார். மாப்பிள்ளைக்கு ஈயம் கிடைக்கும் இடம் தெரியாது என்றேன். அப்போது ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு.

மூன்றாம் மணியில் கேட்டார்: "அந்த எண்ண நீ பாக்காம விட்டிருந்தா?" விட்டிருந்தால் பதினொரு பேருக்கும் போயிருக்கும் அண்ணி, உங்களுக்கும் சேர்த்து என்றேன். "படம்?" படத்தில் எது கட்டி, எது தாய் என்று யாருக்கும் விளங்கியிருக்காது என்றேன். நாலாம் மணியில் என் பையை இரண்டு முறை எட்டிப் பார்த்தார். ஐந்தாம் மணியில் என் பையைத் திறந்து, உள்ளே இருந்த புத்தகத்தை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார். படிக்கவில்லை. வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்று மணிக்குக் கறந்தேன். டாக்டர் சோதித்தார். சோதித்தவர்தான் ஜன்னலில் சொல்லவேண்டும். டாக்டருக்கு வெட்கம். "நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றார். மரபு டாக்டர் என்றேன். ஜன்னலைத் திறந்து, தொண்டையைச் செருமி, வகுப்பில் முதன்முதலாக ஒப்பிக்கும் பிள்ளையைப் போல அவர் சொன்னார்: "மகள் வந்தாள், தாய் நின்றாள்." பெஞ்சிலிருந்து என் நாத்தனார் பதில் சொன்னார்: "நிக்கட்டும், அவளுக்கு அங்க என்ன கொறச்சல்."

மருந்து எலும்பைப் பிடிக்க மூன்று மணி நேரம். மாலை ஆறரைக்குப் படம். படத்தில் ஒரே ஒரு புள்ளி. இடுப்பில். வேறெங்கும் இல்லை. தெள்ளத் தெளிவாக இல்லை. வியாழன் காலை அறுவை மருத்துவர் வெட்டினார். வியாழன் இரவு பயணம் போனார். என் நாத்தனார் இன்று மூன்றாம் வரிசைக்குத் தம் காலால் நடந்து வந்தார். கைத்தடி அலங்காரத்துக்கு. முந்திச் செல்வோரைத் தட்டுவதற்கும் பயன்படுகிறது.

இப்போது, தலைவர் அவர்களே, மணியை அடியுங்கள், அடிக்காமலிருங்கள். நான் வந்த காரியத்துக்கு வந்துவிட்டேன்.

பத்தொன்பது நாளுக்கு முன் எங்கள் அறைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அடுத்த மாதம் முதல், காலை நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, தாய்ச் சோதனையை ஒவ்வொரு பெட்டியின் முதல் கறவைக்கு மட்டும் செய்தால் போதும் என்கிறது அது. நல்ல தாள், நேரான எழுத்து, பிழை ஒன்றுமில்லை. நல்ல நோக்கம்தான், நோயாளிகள் காத்திருக்கக் கூடாதென்று எண்ணியவர் நல்லவர்தான். ஆனால் ஐயா, அந்த வாரத்தின் முதல் கறவை எது? திங்கட்கிழமை. திங்கட்கிழமை தாய் நின்றாள். முதல் கறவையோடு சோதனையை நிறுத்தியிருந்தால், செவ்வாய் மாலை பெட்டி சாய்ந்ததை யார் அறிந்திருப்பார்? புதன் காலைப் பாலில் தாய் இருந்ததை எவர் கண்டிருப்பார்? நிறத்தில் தெரியுமா? மணத்தில் தெரியுமா? மின்னல் வந்து சொல்லியிருப்பாரா? பதினொரு ஊசி பதினொரு உடலில் இறங்கியிருக்கும். அன்று மாலையும் நாம் அனைவரும் நல்ல பிள்ளைகளாக வீட்டுக்குப் போயிருப்போம்.

மிச்சமாவது எவ்வளவு? நாலு நிமிடம். நாலு நிமிடம் என்பது எவ்வளவு? இன்று நான் மேடையேறி "பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும்" என்று தொடங்கி நாத்தனார் வரை வணக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டு முடிக்கவே அதில் பாதிக்கு மேல் போயிற்று என்று தலைமைச் செவிலியின் கடிகாரம் சாட்சி சொல்லும். ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்ப்பதில் நாலு நிமிடம். மாலை கொண்டுவந்தவரைத் தேடுவதில் நாலு நிமிடம். எங்கள் மரியாதைக்கு இருக்கிற நேரம் ஒரு நோயாளியின் நரம்புக்கு இல்லையா?

இன்னும் ஒன்று. என் இடது செருப்பை நினைத்துப் பாருங்கள். இந்த வாரம் நான் முதல் முறை வெளியேறியபோது அது சுத்தமாக இருந்தது. இரண்டாம் முறையும் சுத்தம். பத்தாம் முறையும் சுத்தம். இன்று கத்தியது. முதல் முறை மட்டும் அளந்தால் போதும் என்று வாசல் கருவிக்கு அறிவிப்பு ஒட்டியிருந்தால், நான் ஐந்து மணிக்குச் சரியாக வந்திருப்பேன். இரண்டு காலும் பழுப்பாக நின்றிருப்பேன். இந்த மேடையின் விரிப்பு முழுக்க அந்தத் துளியைத் தேய்த்திருப்பேன். என் செருப்பு ஒவ்வொரு முறையும் அளக்கப்படுகிறது, அவையோரே. தேய்ந்த செருப்பு, வார் தைத்த செருப்பு, நாய் தூக்கினாலும் திருப்பிப் போட்டுவிடும் செருப்பு. அதற்கு ஒவ்வொரு முறையும் சோதனை உண்டு. மனிதரின் இரத்தத்தில் கலக்கப் போகிற மருந்துக்கு வாரம் ஒருமுறை போதுமா?

கைதட்டல் போதும், பிள்ளை விழித்துக்கொள்ளும். விழித்தேவிட்டது. மன்னியுங்கள் அம்மா.

அறிவிப்பு ஒட்டிய அன்றே தலைவர் அவர்களுக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு முறை படியெடுத்து, ஒற்றுப்பிழை பார்த்து, நேரில் கொடுத்தேன். தாங்கள் பரிசீலிப்பதாகச் சொன்னீர்கள். எங்கள் கணக்கில், மகள் பத்து முறை பாதியானால் அவளை இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். பத்தொன்பது நாளில் எழுபத்தாறு முறை பாதியாகிவிட்டாள். என் கடிதம் மட்டும் அப்படியே இருக்கிறது என்று நம்புகிறேன். மை சிதைகிற வகை இல்லை.

டாக்டர் அவர்கள் எழுந்து நிற்கிறார். என்ன ஐயா? ஒலிபெருக்கி வேண்டுமா? வேண்டாமாம். கையை உயர்த்துகிறார். இரண்டு கையையும். அளவு காட்டவில்லை இம்முறை. குடுவையைத் தூக்குகிறவர் போல நிற்கிறார். தலைவர் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். என் கடிதத்தில் நாலாவது பக்கம் இல்லையே என்று வருந்தினேன். இப்போது இருக்கிறது.

கேடயத்தைப் பெருமையோடு பெற்றுக்கொள்வேன். பதினான்கு அடி நடந்தமைக்கு அது தகும் என்றே கருதுகிறேன். தன்னடக்கம் எனக்குச் சரியாகப் பழகவில்லை. என்னோடு நிதானம் அவர்களுக்கும் அதில் பாதி உண்டு. பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் உடன்பணியாளர்க்கும், செருப்பு ஈந்த செம்மலுக்கும், சிரிக்க மாட்டேன் என்று வந்து இரண்டு முறை சிரித்த என் நாத்தனாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்களே, அடுத்த மாதம் பிறக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அந்தக் கடிதத்துக்குச் சீக்கிரம் பதில் கொடுங்கள்.